ரிஸ்வானா மிஸ்ஸின் பல்வலி

வசதியில்லாத பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவர்கள் உதவித்தொகையோடு அறிவுரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். உதவித்தொகையால் யாரும் கெட்டுப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆபத்தெல்லாம் அறிவுரையில்தான். அதுவும் அது என்னைப் போல, சொன்னதை அப்படியே செய்கிற ஆளிடம் போய்ச் சேர்ந்தால்.

எங்கள் வீடு தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றாக இருந்தது. அம்மா கொழுந்து பறித்தார், அப்பா தொழிற்சாலையில் வேலை செய்தார். உயர்தரப் பரீட்சை முடிவு நன்றாக வந்து, எனக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்துவிட்டது. படிப்பு இலவசம். சாப்பாடு, தங்குமிடம், பஸ் எதுவும் இலவசமில்லை. அந்தச் செலவைத் தர ஒரு திட்டம் இருந்தது, வெளிநாட்டு நன்கொடையில் நடந்தது. முதலில் கண்டியில் சனிக்கிழமை வகுப்புகள்: ஆங்கிலம், கம்ப்யூட்டர், நேர்முகத் தேர்வில் எப்படி உட்காருவது, எப்படிக் கைகொடுப்பது. கடைசியாக ஒருநாள் ஏதாவதொரு அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே நம்மைப் பொறுப்பேற்பவர் நல்லபடியாகச் சொன்னால்தான் உதவித்தொகை. சொல்லாவிட்டால் பேராதனையை பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.

அந்த ஒருநாள் பயிற்சிக்கு 'ஜொப் ஷடோயிங்' என்று பெயர். வகுப்பெடுத்த தர்ஷினி மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். அவர்தான் விளக்கினார்.

"ஷடோ எண்டா நிழல். அவை எங்க போகினமோ நீங்களும் பின்னாலயே போகவேணும். விளங்கிச்சோ?"

"வெளங்குச்சு மிஸ்" என்றேன். எனக்கு விளங்கியதுதான் பிரச்சினை.

எனக்கு வாய்த்தவர் ரிஸ்வானா மிஸ். மடவளை ஊர்க்காரர், கண்டியில் ஒரு தனியார் கம்பனியின் கணக்குப் பிரிவில் இருந்தார். அவர் போட்டோ கொப்பி எடுக்கப் போனால் நானும் போனேன். கென்டீனுக்குப் போனால் நானும் போனேன். கழிவறைக்குப் போனபோது கதவுவரை போனேன். (உள்ளே போகாத அளவுக்கு அறிவிருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.)

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மெனேஜரிடம் போனார்.

"சேர், பல்லு உயிர் போகுது. டொக்டர்ட்ட காட்டிட்டு வந்துர்றேன்."

மெனேஜர் தலையாட்டினார். நான் பையை எடுத்தேன்.

"நீங்க இரிங்க மகள். நான் இப்ப வந்துருவேன்."

"இல்ல மிஸ், நானும் வர்றேன். அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

"பல்லு புடுங்குறத பாத்து என்ன படிக்கப் போறீங்க?"

"எனக்கு ரத்தம்னா பயமில்ல மிஸ்."

மிஸ் மார்க்கெட்டின் ஒரு வாசலால் நுழைந்து மறுவாசலால் வெளியே வந்தார். நானும் வந்தேன். ஒரு துணிக்கடைக்குள் புகுந்து பின்பக்கமாக வெளியேறினார். நான் அங்கேயும் இருந்தேன். பல்வலிக்காரர் இவ்வளவு வேகமாக நடப்பாரா என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாவம், வலி தாங்காமல் ஓடுகிறார் என்று நினைத்தேன்.

கடைசியில் ஒரு கண்ணாடிக் கட்டடம் வந்தது. வரவேற்பறைக் கதிரையைக் காட்டி, "மகள், கெஞ்சிக் கேக்குறேன், இங்க இரிங்க" என்றார். உள்ளிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார், நானும் எழுந்தேன். கதவு மூடும்போது இருவருமே உள்ளே இருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் டை கட்டிய இரண்டு பேரும் சேலை கட்டிய ஒரு அம்மாவும். சனிக்கிழமை வகுப்பில் படத்தில் காட்டிய அதே காட்சி. அப்போதுதான் அது நேர்முகத் தேர்வு என்று புரிந்தது.

"இது யாரு?" என்றார் நடுவில் இருந்தவர்.

மிஸ் வாய் திறப்பதற்குள், "நான் மிஸ்ஸோட நிழல் சேர்" என்றேன்.

மிஸ் மெல்லிய குரலில் பயிற்சித் திட்டத்தை விளக்கினார். நடுவில் இருந்தவர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப நிழல்கிட்டயே கேப்போம். உங்க மிஸ் எப்படி வேலை செய்வாங்க?"

நேர்முகத் தேர்வில் எதையும் உதாரணத்தோடு சொல்ல வேண்டும் என்பது தர்ஷினி மிஸ்ஸின் இன்னொரு அறிவுரை. என்னிடம் ஒரே ஒரு உதாரணம்தான் இருந்தது.

"ரொம்பப் பொறுப்பானவங்க சேர். மிஸ்ஸுக்கு இன்னைக்கு உயிர் போற பல்லு வலி. மெனேஜர்கிட்ட கேட்டுட்டு டொக்டர பாக்கத்தான் வந்தாங்க. அதையும் விட்டுட்டு இங்க வந்திருக்காங்க."

சேலை கட்டிய அம்மா மேசைக்குக் கீழே எதையோ தேட ஆரம்பித்தார். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எந்தப் பக்கத்துப் பல்லு?"

"வலது பக்கம் சேர்" என்றார் மிஸ். கை இடது கன்னத்தில் இருந்தது.

திரும்பும் வழியில் மிஸ் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "மெனேஜருக்குத் தெரிஞ்சா இருக்கிற வேலையும் போயிரும் மகள்." என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல வேண்டியவரும் இவர்தான். பேராதனை பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

அலுவலக வாசலிலேயே மெனேஜர் நின்றார். மிஸ் நேராகத் தன் மேசைக்குப் போய்விட, என்னிடம் கேட்டார்.

"என்ன, புடுங்கியாச்சா?"

எனக்குப் பொய் வராது. உண்மையைச் சொன்னால் மிஸ் காலி.

"இல்ல சேர். பாத்துட்டுக் கூப்பிடுறோம்னு சொன்னாங்க."

"இப்ப பல்லு டொக்டர்மாரும் அப்படித்தானா?" என்று சலித்துக்கொண்டே அவர் உள்ளே போனார். மிஸ் கணினிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து நானும் அழத் தயாரானேன்.

பார்த்துவிட்டு உண்மையிலேயே கூப்பிட்டார்கள். ரிஸ்வானா மிஸ்ஸுக்கு அந்த வேலை கிடைத்தது. வேறு கம்பனிக்குப் போக நினைத்தால் அப்போதும் இந்தப் பிள்ளையையே கூட்டிக்கொண்டு போகும்படி நடுவில் இருந்தவர் சொன்னாராம்.

என்னைப் பற்றி தர்ஷினி மிஸ் கேட்டபோது ரிஸ்வானா மிஸ் சொன்னது இது: "சொன்னத சொன்ன மாதிரி செய்யிற புள்ள. சொல்லும்போதுதான் நாம கவனமாச் சொல்லணும்." அந்த வார்த்தையில்தான் நான் பேராதனையில் படித்தேன், மூன்று வேளையும் சாப்பிட்டேன். அவரை நினைக்காமல் அங்கே ஒரு சோற்றுப் பார்சலும் பிரித்ததில்லை. அடுத்த வருடப் பிள்ளைகளிடம் தர்ஷினி மிஸ், "பக்கத்தில இருந்து பாருங்கோ, அது போதும்" என்று மட்டும் சொன்னதாகக் கேள்வி.

இப்போது நான் பத்திரிகை நிருபர். அது என்ன வேலை என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் தங்கச்சி முந்திக்கொள்வாள். "கூப்பிடாத எடத்துக்குள்ள போயி, கேக்குறதுக்கு முந்தி உண்மையச் சொல்லிட்டு வர்ற வேலை."

அம்மா தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துக்கொண்டே சேர்த்துக்கொள்வார். "அதுக்கும் காசு குடுத்துப் படிக்க வச்சிருக்காங்க. புண்ணியவானுங்க, நல்லா இருக்கட்டும்."