மஞ்சள் கொழுப்பு

கறிப் பொட்டலத்தைப் பிரித்த கோர்டன் ட்வைட் உடனே அதை மூடினார். சமையலறை ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். பிறகு மெதுவாக ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தார். எதுவும் மாறியிருக்கவில்லை. பைசன் என்னும் அமெரிக்கக் காட்டெருமையின் கறியைச் சுற்றியிருந்த கொழுப்பு வெள்ளை வெளேரென்று இருந்தது.

"மார்லிஸ்!"

"எதுக்கு இப்படிக் கத்தற?" என்று கேட்டபடி மனைவி வந்தார்.

"கொழுப்பு வெள்ளையா இருக்கு."

மார்லிஸ் குனிந்து பார்த்தார். "அட கடவுளே" என்றார்.

புல் மட்டுமே மேய்ந்த பைசனுக்குக் கொழுப்பு மஞ்சளாக இருக்கும். மக்காச்சோளம் தின்று வளர்ந்ததற்கு வெள்ளையாக இருக்கும். தெற்கு டகோட்டாவில் எங்கள் பக்கம் இது தெரியாதவர் யாருமில்லை. கோர்டனோ, 'எங்கள் பைசன்களுக்குப் புல்லைத் தவிர வேறு ருசி தெரியாது' என்று பண்ணை வாசலில் ஆளுயரப் பலகை வைத்திருப்பவர். சோளம் போடுகிறவர்களைப் பற்றி அவர் பேசாத பேச்சில்லை.

மணி ஒன்பது. பன்னிரண்டு மணிக்கு டென்வரிலிருந்து திருமதி பெல்நாப் சாப்பாட்டுக்கு வருகிறார். அந்த அம்மாவுக்கு அங்கே மூன்று உணவு விடுதிகள். வீட்டில் இருந்ததோ இந்த விருந்துக்காக வெட்டிய ஒரே காளையின் கறிதான். பழைய கறியெல்லாம் வசந்தகாலத்திலேயே விற்றுப்போயிருந்தது.

ஏற்பாடு செய்ததே மார்லிஸ்தான். "அந்தம்மா நம்ம புல்லு எப்படின்னு கறியத் தின்னு பார்த்துட்டுத்தான் முடிவு சொல்வாங்களாம். அவங்க சரின்னுட்டா என் புலம்பல் அத்தோட முடிஞ்சுது" என்று போன வாரம் சொன்னார். கோர்டன் அப்போது வேலிக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். மனைவி சொல்வதில் பாதியைக் காதில் வாங்கி, மீதியைத் தாமே நிரப்பிக்கொள்வது அவர் முப்பத்தைந்து வருஷப் பழக்கம். வருஷத்துக்கு நாற்பது பைசனாவது எடுப்பார்கள் என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டார்.

மார்லிஸின் புலம்பலுக்கு அரிசோனா என்று பெயர். அக்கா ஆர்லீன் அங்கே வெயிலில் உட்கார்ந்துகொண்டு மாதம் ஒரு போட்டோ அனுப்புவாள். உடனே, "எல்லாத்தையும் வித்துட்டுப் போயிடலாம்" என்று மார்லிஸ் ஆரம்பிப்பார். நிலம் மார்லிஸின் அப்பா அவர் பேரில் எழுதிவைத்தது. அதனால் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கோர்டன் வேலி பார்க்கக் கிளம்பிவிடுவார். ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறார். வீட்டு வாசலில் புல்லுக்குப் பதில் கூழாங்கல் கொட்டியிருந்தார்கள். அதில் ஒருவர் நாற்காலி போட்டு வேறு உட்கார்ந்திருந்தார்.

"எந்தக் காளைய வெட்ட அனுப்பின?" என்று கேட்டார் மார்லிஸ்.

"இருக்கறதுலயே கொழுகொழுன்னு இருந்தத."

"புல்லு மேயற கூட்டத்துல அது ஒண்ணு மட்டும் எப்படி அவ்வளவு கொழுகொழுன்னு இருக்கும்னு யோசிச்சியா?"

கோர்டன் இப்போதுதான் யோசித்தார். செப்டம்பர் கடைசியில் பக்கத்துப் பண்ணை டெல்பர்ட் க்ராவ்ஸ், வேலி தாண்டித் தன் பட்டிக்கு வந்துவிட்ட கோர்டனின் காளை ஒன்றைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "எங்க வீட்டு விருந்தாளி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். டெல்பர்ட் பட்டியில் அடைத்துச் சோளம் போட்டு வளர்ப்பவன். விருந்தாளி எத்தனை நாள் தங்கியது என்று கோர்டன் கேட்கவில்லை. இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று பதினைந்து வருஷம் ஆகிறது.

"சரி, சாயம் ஏத்திடலாம்" என்றார் கோர்டன்.

காரட்டைத் துருவிப் பிழிந்து கொழுப்பின் மேல் தடவினார். மஞ்சள் வரவில்லை. சாலை வேலைக்காரர்கள் போட்டுக்கொள்ளும் சட்டையின் நிறம் வந்தது. கழுவினார். நிறம் கொழுப்பை விட்டுக் கறிக்கு இறங்கியது.

"கொழுப்பையே வெட்டி எறிஞ்சுடறேன். இருந்தாத்தானே நிறம் தெரியும்?"

வெட்டி எறிந்தார். ஒரு துண்டை வாணலியில் போட்டுப் பார்த்தார். கொழுப்பில்லாத பைசன் கறி கண்ணெதிரே சுருண்டது. கடித்தபோது பல் ஆடியது. அது போதாதென்று கறியில் காரட் வாசனை வேறு.

"இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு" என்றார் மார்லிஸ். "ஒழுங்கா டெல்பர்ட்கிட்டப் போ. அவன் ஃப்ரீசர்ல என்னல்லாம் இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"அவன்கிட்டயா? செத்தாலும் போக மாட்டேன்."

"கோர்டன், அந்தம்மா இன்னிக்கு நல்ல புல்லுக் கறிதான் திங்கணும். இது கெட்டுச்சுன்னா எல்லாம் கெட்டுச்சு."

கோர்டன் மனைவியை உற்றுப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் மார்லிஸ் புல்லுக்குப் பரிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

டெல்பர்ட் கதவைத் திறந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"வாய்யா. பதினஞ்சு வருஷம் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"உன்கிட்ட மஞ்சள் கொழுப்புக் கறி ஏதாவது இருக்கா?"

டெல்பர்ட் சிரித்த சிரிப்பில் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "என் கறி தலகாணிப் பஞ்சு மாதிரின்னு ஊரெல்லாம் சொன்னது யாரு?"

"நான்தான்."

"தேவாலயத்துல வெச்சுச் சொன்ன."

"கடைசி வரிசையில, மெதுவாத்தான் சொன்னேன்."

"சரி, தரேன். ஆனா முதல்ல உக்காந்து என் சோளக் கறி ஒரு துண்டு தின்னணும். தின்னுட்டு உண்மையச் சொல்லணும்."

நேரமாகிறதென்று கோர்டன் கெஞ்சிப் பார்த்தார். டெல்பர்ட் அசையவில்லை. வாணலியை அடுப்பில் ஏற்றி, சாவகாசமாக வெண்ணெய் போட்டு, இரண்டு பக்கமும் திருப்பித் தட்டில் வைத்தான். கத்தி கறியில் தானாக இறங்கியது. இளஞ்சிவப்பாக, பூப்போல இருந்தது. காட்டு வாசனை கொஞ்சமும் இல்லை, லேசாகத் தித்தித்தது. கோர்டன் மென்றார். வெகுநேரம் மெல்ல அதில் ஒன்றுமில்லை.

"சொல்லு."

"பரவாயில்ல."

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணைப் பற்றிக்கூட இதைத்தான் சொல்வான். டெல்பர்டின் முகம் மலர்ந்துவிட்டது. கோர்டனின் முள்கரண்டி அவரைக் கேட்காமலே இரண்டாவது துண்டுக்குப் போனது. அவர் அதற்காக வெட்கப்பட்டார், ஆனால் தின்றார்.

டெல்பர்ட் ஃப்ரீசரைத் திறந்து அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். மேலே கோர்டன் பண்ணையின் முத்திரை இருந்தது.

"இது என்னோட கறி!"

"ஆமா. வீட்டுல நாங்க இதைத்தான் திங்கறோம். என் பொண்டாட்டி அவ தங்கச்சி பேர்ல உன்கிட்ட வாங்கறா."

"அப்ப ஏன்யா சோளம் போட்டு விக்கற?"

"ஜனங்களுக்கு மெத்துன்னு வேணும், வெள்ளையா வேணும், எப்ப வாங்கினாலும் ஒரே மாதிரி இருக்கணும். உன் கறி மே மாசம் ஒரு ருசி, அக்டோபர்ல ஒரு ருசி. எனக்கு அதுதான் பிடிக்குது. அதுக்கு நான் என்ன பண்றது?"

கோர்டனுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் பொட்டலம் கருங்கல்லாக உறைந்திருந்தது. அதைச் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்து, வண்டி ஹீட்டரைத் திருப்பிவிட்டு வீட்டுக்கு ஓட்டினார். கறி இளகுவதற்குள் அவர் உறைந்துவிட்டார்.

வாசலில் டென்வர் வண்டி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. அதில் ஓட்டி வந்தவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். கோர்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டே அவருக்குத் தலையசைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினார். நல்லவேளை, மார்லிஸ் விருந்தாளிக்கு ஓடையைக் காட்ட அழைத்துப்போயிருந்தார். கறியைத் தண்ணீரில் போட்டு, மாற்றி மாற்றி, ஒருவழியாக இளக வைத்தார்.

மார்லிஸ் வந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டார். புல் தின்ற கறி அடுப்பில் பொறுமை காட்டாது. அரை நிமிஷம் கூடினால் செருப்புத் தோல்தான். மார்லிஸ் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

திருமதி பெல்நாப் முதல் வாய் வைத்ததும் மெல்லுவதை நிறுத்தினார். கோர்டனின் மூச்சும் நின்றது.

"பச்சையா மிச்சம் இருந்தாக் காட்டுங்க."

கோர்டன் காட்டினார். கொழுப்பு வெண்ணெய் மாதிரி மஞ்சளாக இருந்தது. அந்த அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார், திரும்ப வந்து தட்டைக் காலி செய்தார்.

"இந்தக் கறுஞ்சிவப்பு, இந்த வாசனை, இதெல்லாம் புல்லுல இருந்துதான் வரணும். உங்க ஓடை கோடையில வத்துமா?"

"வத்தவே வத்தாது!"

"வேலி?"

"வடக்குப் பக்கம் பூரா போன வருஷம் நானே போட்டது. புல்லா, கேக்கவே வேண்டாம். இருபது மைல் சுத்தி இப்படி ஒரு புல்லு கிடையாது. இந்த மண்ணுல எந்தப் பைசன விட்டாலும் இதே ருசி வரும். எழுதியே தரேன்."

மார்லிஸ் கணவனை வாஞ்சையோடு பார்த்தார். "இவர் இவ்வளவு நல்லாப் பேசுவார்னு நான் நினைக்கல" என்றார்.

"எனக்குச் சம்மதம்" என்றார் திருமதி பெல்நாப். இரண்டு பெண்களும் கை குலுக்கிக்கொண்டார்கள். கோர்டனும் இடையில் புகுந்து அந்த அம்மாவின் கையைப் பலமாகக் குலுக்கினார். "வருத்தப்படவே மாட்டீங்க" என்றார். ஆர்லீனும் அவள் கூழாங்கல்லும் ஒழிந்தார்கள் என்று அவருக்குக் கண் கலங்கியே விட்டது.

சந்தோஷம் தாங்காமல் காற்று வாங்க வெளியே வந்தார். வண்டியில் இருந்தவர் புல்லில் முக்காலி ஒன்றை நிறுத்தி, அதன்மேல் ஏதோ கருவியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"எல்லைய அளக்கறேங்க. பனி விழறதுக்குள்ள நீங்க அரிசோனா கிளம்பணுமாமே, உங்க வீட்டம்மா அவசரப்படுத்தறாங்க" என்றார் அவர், கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க முதலாளியம்மா இப்பத்தான் ஜன்னல்லருந்து கையக் காட்டினாங்க, கறி தேறிடுச்சாம். கொழுப்பு மட்டும் வெள்ளையா இருந்திருந்தா, இந்த நிலமே வேண்டாம்னு அவங்க அப்பவே வண்டியத் திருப்பச் சொல்லியிருப்பாங்க."