ஹார்டு டிஸ்க்குக்கு விடுமுறை

"காலை 9.10. ஹார்டு டிஸ்க் தெரியவில்லை. காரணம்: தெரியவில்லை."

இது என் டைரிப் பதிவு. எதையும் மணி தவறாமல் எழுதி வைப்பவன் நான். எழுதியதைத் திருப்பிப் படிக்கும் பழக்கம்தான் கிடையாது. (அவசரக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கதை இவ்வளவுதான்.)

மறுநாள் மாமனாரின் முதல் வருஷத் திதி. அவர் பேசிச் சிரிக்கும் வீடியோ ஒன்றே ஒன்றுதான் உண்டு. எங்கள் மகளின் காதுகுத்தில் எடுத்தது. எடுத்த செல்போன் ஒகேனக்கல்லில் பரிசலிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. மிச்சமிருந்தது கம்ப்யூட்டரின் பழைய டிஸ்க்கில் நான் ஏற்றி வைத்திருந்த பிரதி. கம்ப்யூட்டரோ புது டிஸ்க்கை மட்டும் காட்டிவிட்டு, பழையதைப் பார்த்ததே இல்லை என்று சாதித்தது.

"அப்பா இருக்காருங்களா?" என்றாள் மனைவி சாந்தி, அடுப்படியிலிருந்து.

"தேடிட்டிருக்கேன்."

பென்னாகரத்திலிருந்து வந்திருந்த அவள் தம்பி முருகேசன், "மாமா, ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றான்.

"பண்ணியாச்சு."

"ரெண்டு வாட்டி?"

"ஏழு." (டைரியில் ஏழு கோடுகள் இருக்கின்றன.)

பெட்டியைத் திறந்தேன். டேட்டா வயரை மாற்றினேன், செருகும் இடத்தையும் மாற்றினேன். பலனில்லை. டிஸ்க்கைக் கழற்றினேன். நாலு திருகாணி, ஒரே ஒரு வயர். எவ்வளவு எளிய அமைப்பு என்று மெச்சிக்கொண்டேன்.

அதைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, காரிமங்கலத்தில் தருமபுரி பஸ் ஏறினேன்.

"என்னங்க சார், கோழிக்குஞ்சா?" என்றார் கண்டக்டர்.

"மாமனாருங்க" என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு அவர் என் பக்கம் வரவில்லை.

கடைக்காரர் தன் மேஜையில் இருந்த இரண்டு வயர்களை மாட்டினார். உடனே எல்லாம் வந்தது. "நல்லாத்தான் சார் இருக்குது. உங்க வூட்லதான் ஏதோ கோளாறு. வேற டிஸ்க்ல ஒரு காப்பி போட்டுத் தரட்டுங்களா?"

"வேண்டாங்க, வூட்லயே பாத்துக்கறோம்" என்றேன். அப்படிச் சொன்ன அந்த மேதாவியை இப்போது பார்த்தால் காதைத் திருகுவேன்.

வீட்டில் மாட்டினேன். ஒரே வயர். தெரியவில்லை.

சாந்தி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "தருமபுரி வரைக்கும் கூட்டிட்டுப் போனீங்க. அங்க இருந்தாரு. நம்ம வூட்டுக்குள்ள வந்தா மட்டும் காணோம்."

அவள் மெல்ல என் டைரியை எடுத்தாள். "கடைசியா எப்பங்க பாத்தோம்? அதையும் எழுதியிருப்பீங்களே." புரட்டிக்கொண்டே போனவள், மூன்று வாரம் முந்தைய ஆயுத பூஜைப் பக்கத்தில் நின்றாள். உரக்கப் படித்தாள்:

"'கம்ப்யூட்டரைத் துடைத்துப் பாகம் பாகமாகப் பொட்டு வைத்தேன். மகளுக்கு ப்ராஜெக்ட் இருப்பதால் முழு ஓய்வு தர இயலவில்லை. பழைய டிஸ்க்காவது இன்று ஓயட்டும் என்று அதன் பவர் வயரைக் கழற்றினேன். நாளை மாட்ட வேண்டும்.' முருகேசா, அடிக்கோடு வேற போட்டிருக்காரு பாரு."

பெட்டியின் மூலையில், காய்ந்த சந்தனமும் குங்குமமுமாக, அந்த வயர் மங்களகரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மாட்டினோம். மாமனார் வந்தார். பேத்தி முருகேசன் மடியில் வீறிட்டு அழ, பக்கத்தில் துண்டைத் தோளில் போட்டபடி நின்று, "மாப்ள, மணி எழுதிக்கிட்டீங்களா?" என்றார். பிறகு இடப்பக்கம் யாரையோ பார்த்து, தோள் குலுங்கச் சிரித்தார்.

சாந்தி திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். எத்தனை முறை என்று நான் எழுதவில்லை.

இன்றும் மிக்ஸி ஓடாவிட்டாலும் மோட்டார் தண்ணீர் இறைக்காவிட்டாலும் வீட்டில் முதல் வார்த்தை இதுதான்: "லீவு வுட்டிருக்காரான்னு டைரியப் பாருங்க."

அந்த டைரியிலும் ஒன்று இல்லை. மாமனார் யாரைப் பார்த்துச் சிரித்தார்? "என்னையத்தான். அந்தப் பக்கம் நாந்தான் அழுதுட்டு நின்னேன்" என்கிறாள் சாந்தி. "அக்கா அப்ப பந்தியிலதான இருந்துச்சு" என்கிறான் முருகேசன். காது குத்திய நேரம், வந்தவர்கள் பெயர், பாயசம் தீர்ந்த நேரம்கூட எழுதியிருக்கிறேன். இடப்பக்கம் நின்றது யாரென்று எழுதவில்லை. உறுதிசெய்யப்படாத தகவல் என்றே இங்கே பதிகிறேன். சாந்தியிடம் மட்டும், உறுதியாகிவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன்.