எட்டு கஜம் மஞ்சள்

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். மீசையை எடுத்ததில் விட்டுக்கொடுத்தேன். நாய் கேட்டுப் பூனை வந்ததில் விட்டுக்கொடுத்தேன். கில்ட்டில், எங்கள் ஊர் ஆம்பிளைகள் விசேஷத்துக்குக் கட்டுகிற, பின்பக்கம் மடிப்பு வைத்த கட்டம்போட்ட பாவாடையில் மட்டும் நடக்காது. என் மகள் மெய்ரியின் கல்யாணத்தன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் சர்ச்சுக்குள் நடக்கப்போகிறேன். அன்றைக்கு என் இடுப்பில் ஊரே பார்க்கிற மாதிரி என் குடும்பத்து நிறம் இருந்தாக வேண்டும்.

எங்கள் ஊரில் வம்சத்துக்கு ஒரு நிறம்; எங்கள் மக்காஸ்கில் வீட்டுக்கு மஞ்சள். லேசான மஞ்சள் இல்லை. ஓபன் என்கிற எங்கள் ஊர்த் துறைமுகத்தில் மூடுபனி இறங்கினாலும் எதிர்க்கரைக்குத் தெரிகிற மஞ்சள். என் மனைவி ஷீனா பிறந்த வீட்டுக்குப் பச்சை. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வாசல் கதவு பச்சை, திரைச்சீலை பச்சை, சோபா பச்சை, என் பல் துலக்கும் பிரஷ்கூடப் பச்சை. என் ரத்தம் ஒன்றுதான் இன்னும் சிவப்பு.

இத்தனை வருஷமும் எந்த விசேஷம் என்றாலும் எனக்கு வாடகைக் கில்ட்தான். ஷீனாவின் தம்பி டூகல் ஒவ்வொரு தடவையும் தன் பச்சைக் கில்ட்டில் பளபளவென்று வந்து நிற்பான். என்னை மேலும் கீழும் பார்ப்பான். "என்ன அத்தான், இது எந்த வம்சத்துக் கட்டம்? வாடகைக்கடை வம்சமா?" என்பான். சுற்றி இருக்கிறவர்கள் கெக்கெக்கே என்று சிரிப்பார்கள்.

காலையில் ஓட்ஸ் கஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்து யுத்தத்தைத் தொடங்கினேன்.

"ஷீனா, எனக்குன்னு சொந்தமா ஒரு கட்டம் போட்டு நெய்யச் சொல்லப்போறேன்."

"சொல்லுங்களேன்."

"மஞ்சள்ல."

"ம்."

"முழுக்க முழுக்க மஞ்சள்!"

"காது கேக்குது. கஞ்சி ஆறுது, குடிங்க."

எதிர்ப்பாள் என்று ராத்திரியெல்லாம் வசனம் தயார் பண்ணி வைத்திருந்தேன். அத்தனையும் வீண்.

"ஒண்ணே ஒண்ணு," என்றாள் ஷீனா. "எங்கம்மா வயசானவங்க. பேத்தி கல்யாணத்துல அவங்க மனசும் குளிரணும்ல? கட்டத்துக்கு ஒரு பச்சைக்கோடு விடச் சொல்லுங்க. கட்டைவிரல் அகலம் போதும்."

"கட்டைவிரலா? சுண்டுவிரல்!"

"அய்ய, சுண்டுவிரல் அகலம்னா நெய்யறவன் தெரியாம விட்ட நூல் மாதிரி இருக்கும். எட்டு கஜம் மஞ்சள் கட்டப்போற மனுஷன், ஒரு கட்டைவிரலுக்கா இப்படிக் கணக்கு பாக்குறது?"

"சரி, போனாப் போகுது, வச்சுக்கோ," என்றேன், பெரிய வள்ளல் மாதிரி.

கில்ட் தைக்கிற எஃபி அக்கா கடைக்குப் போனோம். நான் வரைந்து கொண்டுபோன கட்டத்தைப் பார்த்ததும் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"தம்பி, இவ்ளோ மஞ்சளா? ரோட்டுல போனீன்னா ஆடு மிரளும்பா."

"மிரளட்டும்க்கா. டூகலும் சேர்ந்து மிரளட்டும்."

அதன்பிறகு நான் ராஜா. முழங்கால் நடுவோடு நிற்கிற நீளம். வெள்ளிக் கொக்கி. சாராயக் குப்பி வைக்க உள்பக்கம் ரகசியப் பை. கில்ட் ஓரத்தில் குத்திக்கொள்ள வாள் வடிவத்தில் ஊசி. அந்த ஊசியைத் தொடையில் வைத்துக் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டாள்:

"பின்பக்க மடிப்பை எப்படிப் போடட்டும்? கட்டம் பாத்து மடிக்கவா, கோடு பாத்து மடிக்கவா?"

வாடகைக் கில்ட் கட்டியே வளர்ந்தவனுக்கு மடிப்பைப் பற்றி என்ன தெரியும்? "மடிப்புன்னா மடிப்புதானேக்கா. என் பின்பக்கத்தை நானா பாக்கப்போறேன்? ஷீனா இஷ்டப்படி பண்ணுங்க. அவளுக்கும் ஒரு சந்தோஷம் வேணாமா?"

"கோடு பாத்தே மடிச்சிடுங்கக்கா," என்றாள் ஷீனா. அவ்வளவு அடக்கமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கல்யாணத்தன்று காலையில் அவளே கில்ட்டை எடுத்துவந்து எனக்குக் கட்டிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். ஆகா! தகதகவென்று மஞ்சள். அப்படியே திரும்பிப் பின்னாலும் பார்க்கப்போனேன்.

"திரும்பாதீங்க, காலர் கசங்கும்! வண்டி வந்து நிக்குது, கிளம்புங்க கிளம்புங்க!"

கிளம்பினேன். பேக்பைப் வாத்தியம் ஊத, மெய்ரி என் கையைப் பிடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சர்ச்சில் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பெண்ணைத்தான் பார்த்தார்கள், அப்பன் இடுப்பை யார் பார்க்கிறார்கள்? பரவாயில்லை, முன்னால் போய் நிற்கும்போது சாவகாசமாகப் பார்க்கட்டும் என்று போய் நின்றேன். எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு.

பின்வரிசையிலிருந்து ஒரு விசும்பல். என் மாமியார். "டூகல், பார்றா, நம்ம பச்சைடா! மாப்பிள்ளைக்கு எவ்ளோ பெரிய மனசு!"

பச்சையா? கழுத்தைத் திருப்பினால் காலர் அறுக்கிறது. சடங்கு முடிந்து வெளியே வந்ததும் டூகல் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். "அத்தான், கடைசில நம்ம வீட்டுப் பிள்ளையாவே ஆயிட்டீங்க!"

போட்டோக்காரன் எடுத்ததை வாங்கிப் பார்த்தேன். என் பின்னால் இடுப்பிலிருந்து முழங்கால்வரை பச்சைக்கோடு, பக்கத்தில் பச்சைக்கோடு, அதன் பக்கத்தில் இன்னொரு பச்சைக்கோடு. குறுக்கே ஓடிய மஞ்சளும் அதோடு கலந்து பிஞ்சு எலுமிச்சை நிறமாகியிருந்தது. கோடு பார்த்து மடிப்பதென்றால் ஒவ்வொரு மடிப்பின் மேலேயும் அந்த ஒரே கோடு வரும்படி மடிப்பதாம். மற்றதெல்லாம் மடிப்புக்குள்ளே போய்விடுமாம். எஃபி அக்கா கேக்கைத் தின்றுகொண்டே விளக்கினாள்.

ஷீனாவைத் தேடிப் பிடித்தேன். "என் மஞ்சள் எங்கடி?"

"எங்கயும் போகலைங்க. மடிப்புக்குள்ள பத்திரமா இருக்கு."

"ஒருத்தர்கூடப் பாக்கலையே!"

"முன்பக்கம் பூரா மஞ்சள்தானே? நீங்க முதுகைக் காட்டி நின்னா நான் என்ன பண்ண? பாதிரியார் உங்களுக்கு நேரெதிரதானே நின்னாரு. போய்க் கேளுங்க."

அதுவும் நியாயம்தான். ஒரு சாட்சி போதும் எனக்கு. பாதிரியாரிடம் ஓடினேன். "ஐயா, முன்னாடி என் மஞ்சள் எப்படி இருந்துச்சு?"

அவர் என் தோளில் பரிவோடு கை வைத்தார். "மன்னிச்சுக்கோ லாக்லன். நீ வாசல்ல வரும்போதே எனக்குக் கண்ணு கூசிடுச்சு. அப்ப மூடினவன்தான், ஆமென் சொல்லித்தான் திறந்தேன்."