ரேடியஸும் ரப்பர் பால் கப்பும்

ரத்தினபுரி மாவட்டத்தில் மூலைகளைப் பகைத்துக்கொண்டு வாழ்ந்த ஒரே மனிதன் ரேடியஸ்தான். மற்றவர்கள் பக்கத்து லயன் வீட்டுக் காம்பராக்காரனோடு சண்டை போட்டார்கள், கங்காணியோடு சண்டை போட்டார்கள். இவன் மேசை விளிம்போடு சண்டை போட்டான்.

குருவிட்டவுக்கு அருகே ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை. மாணிக்கக் கல்லில் பணம் பார்த்த ஒருவர் அதன் முதலாளி. வாளி, சோப்புப் பெட்டி, சோற்றுப் பெட்டி எல்லாம் செய்தோம். அவற்றுக்கான அச்சுகளை ரேடியஸ் கம்ப்யூட்டரில் வரைவான். அவன் வரைந்ததை இரும்பில் வெட்டித் தேய்த்துப் பொருத்துவது என் வேலை. உருகிய பிளாஸ்டிக்கை மெஷின் அந்த அச்சுக்குள் அழுத்தித் தள்ளும். ஆறியதும் வாளி வெளியே விழும். விழாவிட்டால் எங்கள் இருவருக்கும் ஏச்சு விழும்.

கூர்மையான மூலையில்தான் விரிசல் பிறக்கும் என்று கொழும்பில் ஆறு மாத கோர்ஸில் யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். அது உண்மைதான். ஆனால் கேட்ட நாளிலிருந்து அவன் அதற்கு விரதம் இருக்க ஆரம்பித்துவிட்டான். மூலையை மழித்து வளைவாக்குவதற்கு எங்கள் தொழிலில் ரேடியஸ் என்று பெயர். காலையில் என்னைப் பார்த்ததும் அவன் சொல்லும் முதல் வார்த்தையே, "அண்ணே, இன்னும் கொஞ்சம் ரேடியஸ் குடுங்க" என்பதுதான். பெற்றவர்கள் வைத்த பெயரை ஒரே மாதத்தில் எல்லோரும் மறந்துவிட்டோம்.

"ஒனக்கென்னடா, ஒரு கிளிக்கு. நான் ஒரு நா பூரா அரம் புடிக்கணும்" என்பேன்.

"மவுஸ் புடிச்சாலும் கை வலிக்கத்தாண்ணே செய்யுது."

இப்படிப்பட்டவனோடு எப்படி வேலை செய்வது? திரையில் ஒரு மூலையைக் குகை அளவுக்குப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, சாமி பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பான். கன்டீன் பெஞ்சின் நான்கு மூலைகளையும் என் அரத்தை எடுத்துப்போய்த் தேய்த்தான். கன்டீன்காரர் பெஞ்சுக்கு நியாயம் கேட்டு என்னிடம் வந்தார். அரம் என்னுடையதாம்.

நாட்டில் மறுபடியும் சோதனைச் சாவடிகள் முளைத்த காலம் அது. தொழிற்சாலை எங்களுக்கெல்லாம் அடையாள அட்டை கொடுத்தது. இந்த மடையன் தன் அட்டையின் நான்கு மூலைகளையும் கத்தரிக்கோலால் வளைத்து வெட்டினான். ஒரு மூலையோடு முத்திரையில் பாதியும் போய்விட்டது. அவிசாவளைப் பக்கம் நாங்கள் போன பஸ்ஸை நிறுத்தினார்கள். பொலிஸ்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மேகே கொன கோ?" என்று கேட்டார். இதன் மூலை எங்கே என்று அர்த்தம். வேறு எவனாவது என்றால் பயத்தில் கும்பிட்டிருப்பான். இவன் சுத்தமான சிங்களத்தில், மூலை இருந்தால் அட்டை எங்கே கிழிய ஆரம்பிக்கும் என்று விரலால் வரைந்து பாடம் நடத்தினான். கூட வந்த பாவத்துக்கு நானும் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றேன்.

அதையாவது மன்னிக்கலாம். குப்பை அள்ளும் வாரிக்கு அவன் வரைந்த அச்சை மன்னிக்க முடியாது. வாரியின் முன்விளிம்பையும் வளைத்துவிட்டான். பார்க்க அழகாக இருந்தது. குப்பை மட்டும் உள்ளே ஏறாமல் அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனது. அவ்வளவு இரும்பும் வீண். "இன்னொருக்கா இப்புடி செஞ்சே, நீ வீட்டுக்குத்தான்" என்றார் முதலாளி.

அதற்குப் பிறகு வந்ததுதான் ரப்பர் பால் கப். ரப்பர் தோட்டங்களில் பால் வடிய மரத்தில் கட்டும் சிரட்டைக்குப் பதிலாக பிளாஸ்டிக் கப் செய்ய ஓடர் கிடைத்திருந்தது. முதலாளிக்கு ஓர் ஆசை. கப்பின் உள்ளே, அடியில், அவர் பெயர் புடைப்பாக நிற்க வேண்டுமாம். பார்க்கிற எல்லோர் கண்ணிலும் பட வேண்டுமாம். அவருக்குக் காட்ட நானே ஒரு மாதிரிக் கப் செய்து, உள்ளே எழுத்துகளை வெட்டி ஒட்டினேன்.

ரேடியஸ் வரைய மறுத்துவிட்டான்.

"உள்ள எழுத்து கூடாதுங்க மொதலாளி. பால் வழிச்சு எடுக்க ஏலாது."

"காசு போடுறவன் நானா நீயா? நாளைக்குப் பேரு உள்ளுக்கு வரணும். இல்லாட்டி நீ வெளிய."

வெளியே வந்ததும், "வாரிக்கு இல்லாத புத்தி ஒனக்கு இப்ப எங்கேருந்துடா வந்துச்சு? பேசாம வரைஞ்சு குடு" என்றேன்.

மறுநாள் தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தான். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருபது வருடமாகப் பால் வெட்டுகிறவள். வேலை முடித்து அப்படியே வந்திருந்தாள். கையில் ஒரு போத்தல் ரப்பர் பால். முதலாளியின் அறையெல்லாம் அந்த வாடை. யாரையும் கேட்காமல் மாதிரிக் கப்பில் பாலை ஊற்றினாள். அதைத் திரும்பப் போத்தலில் கவிழ்த்து, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுச் சுற்றி வழித்தாள். பிறகு கப்பை முதலாளியின் மூக்குக்கு நேரே பிடித்தாள். ஒவ்வோர் எழுத்தின் இடுக்கிலும் பால் அடைந்து நின்றது.

"பாத்தீங்களா? என் பேருல நிறுக்க வேண்டிய பாலுங்க இது. உங்க பேருக்குள்ள நிக்குது. ஒரு கப்புல இவ்வளவுன்னா முந்நூறு மரத்துக்கு எவ்வளவு? கிலோ கொறைஞ்சா அரைப் பேரு, பாதி நாள் சம்பளந்தாங்க எங்களுக்கு."

முதலாளியின் முகம் சுருங்கிவிட்டது. அவளே சமாதானமும் சொன்னாள்.

"பேரை வெளியில, அடியில போடுங்க. பால் எடுத்தாப்புறம் கப்பை கவுத்துத்தான வைப்போம். நாள் பூரா உங்க பேரு வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கும்."

வானம் என்றதும் முதலாளிக்குப் பிடித்துப்போனது. சரி என்றார். ரேடியஸ் அன்றைக்கே வரைந்து கொடுத்தான். வரைபடம் கைக்கு வந்ததும், அவனை மாத முடிவோடு வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். ஒரு பால்வெட்டுக்காரி தன் அறையில் தனக்குப் பாடம் எடுத்ததை அவரால் பொறுக்க முடியவில்லை. அநியாயம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

கடைசி நாள் என் பட்டறைக்கு வந்தான். "அண்ணே, உள்பக்கம் வழவழன்னு வரணும். அக்கா வெரலு படுற எடம்."

"எனக்கே சொல்லித் தாறியா? போடா" என்றேன். போய்விட்டான்.

கப்பின் உள்பக்கத்தை உருவாக்கும் இரும்பை ஒரு நாள் தேய்த்தால் போதும் என்றார் முதலாளி. நான் நான்கு நாள் தேய்த்தேன். ஐந்தாம் நாளும் தேய்த்திருப்பேன், என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் மெஷினில் மாட்டிவிட்டார்கள்.