மூச்சுக் காட்டாத நாற்பது

கவனிக்கப்படாதவற்றைக் கவனிப்பதற்கென்றே ஒரு குழு அமைத்த பெருமை, இந்தப் பரந்த உலகத்தில் தூத்துக்குடிக்கு மட்டுமே உண்டு. மற்ற ஊர்களில் கவனிக்கப்படாதவை சும்மா கிடக்கின்றன. இங்கே அவற்றுக்கு விண்ணப்பப் படிவம் இருக்கிறது.

மாவட்டப் பேண்டு இசைப் பேரவையின் கீழ் இயங்கும் அந்தக் குழுவின் முழுப்பெயர், 'பேண்டு நிகழ்ச்சிகளில் கவனிக்கப்படாத படைப்புத் தருணங்களைக் கண்டறிந்து கவனிக்கும் குழு'. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு தருணம் கவனிக்கப்படாமல் போய்விடும். பேரவைத் தலைவர் உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி செந்தூர்வேல். குழுச் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஜீவமணி. இருவருக்கும் இசை தெரியாது. ஆகவே பாரபட்சத்துக்கு இடமே இல்லை.

இந்த ஏற்பாட்டின் அருமை தெரியாமல்தான் ஜெனிலா அந்த நாற்பதைக் கண்டுபிடித்துத் தொலைத்தாள்.

பகலில் அவளுக்குக் கப்பல் ஏஜென்சியில் வேலை. சாயங்காலம் கடற்கரைத் தெருப் பேண்டு செட்டில் பெரிய டிரம். அந்த ஆண்டு மாவட்டப் போட்டிக்கு 'முத்துக்குளிப்பு' என்ற நிகழ்ச்சியைத் தயார் செய்தார்கள். டிரம்பெட்காரர்கள் அலை வேண்டும், புயல் வேண்டும் என்று ஆளுக்கொன்றாகக் கேட்டார்கள். ஜெனிலாவின் அண்ணன் ரோச் இன்றும் சங்கு குளிக்கப் போகிறவன். அவனிடம் கேட்டாள்.

"ஏளா, உள்ள போனா என்ன சத்தம் இருக்கும்? ஒரு எழவும் கேக்காது. ஒன் நெஞ்சுதான் ஒனக்குக் கேக்கும்" என்றான் ரோச். "கயித்த இழுத்தா மேல உள்ளவன் தூக்கணும். அவன் பராக்குப் பாத்தாம்னா நம்ம கத முடிஞ்சிரும்."

அதை அப்படியே நிகழ்ச்சியில் வைத்தாள். உச்சத்தில் முப்பது வாத்தியமும் சட்டென்று நிற்கும். ஜெனிலா டிரம்முக்குப் பின்னால் மண்டியிட்டு, விரல் நுனியால் நெஞ்சுத் துடிப்பு மாதிரி தட்டுவாள். நாற்பது எண்ணுவாள். அவள் கையில் ஒரு கயிறு; மறு முனை பேண்டு தலைவர் ரெக்சனின் மணிக்கட்டில். நாற்பதில் அவள் இழுத்ததும் ரெக்சன் கோலை உயர்த்துவார். பெரிய டிரம்மில் ஒரே அடி. டிரம்பெட்டுகள் எல்லாம் ஒரே மூச்சாக வெடிக்கும். முங்கினவன் மேலே வந்துவிட்டான்.

ஒத்திகையில் முதல்தடவை அதைக் கேட்டபோது ஜெனிலாவுக்கே கண் கலங்கிவிட்டது. ரெக்சனுக்கு வேறு கவலை.

"நல்லாத்தாம்ளா இருக்கு. ஆனா நாப்பது எண்ணுற வரைக்கும் சும்மா நின்னா மார்க் போடுவானா? ஜட்ஜுல ஒருத்தராவது அதப் பத்தி ஒரு வரி எழுதணும். எழுதலன்னா அடுத்த வருஷம் அந்த எடத்துல குத்துப்பாட்டு."

"எழுதுவாங்கண்ணே. காது இருக்குல்லா."

காது இருந்தது. மைக்கும் இருந்தது, அதுதான் வினை.

போட்டியன்று மைதானத்தில் முப்பது வாத்தியமும் நின்றன. ஜெனிலா எட்டு வரை எண்ணியிருப்பாள். நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று கருதிய செந்தூர்வேல் எழுந்து, மைக்கைப் பிடித்து, "அன்பார்ந்த பெருமக்களே!" என்றார். முன்வரிசை கைதட்டியது. பேண்டு செட்டில் ஜால்ரா இரண்டு ஜோடிதான், முன்வரிசையில் கணக்கில்லை.

ஜெனிலா நாற்பதில் கயிற்றை இழுத்தாள். ரெக்சன் அசையவில்லை. மறுபடி இழுத்தாள். தலைவர் பேசும்போது கோலை எப்படித் தூக்குவது? பேண்டு இசையால் இளைஞர் நலம் பெறுவதையும், கருப்பட்டியால் எலும்பு நலம் பெறுவதையும் ஒப்பிட்டு, செந்தூர்வேல் ஆறு நிமிடம் பேசினார். பிறகு ரெக்சன் கோலை உயர்த்தினார், டிரம்பெட்டுகள் வெடித்தன. முங்கினவன் செத்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

ஜட்ஜுகள் ஒரு வரி எழுதத்தான் செய்தார்கள்: 'நடுவில் இசை நின்றுவிட்டது. ஐந்து மதிப்பெண் குறைக்கப்படுகிறது.'

மறுநாள்தான் ஜெனிலாவுக்கு அந்த மகத்தான குழுவின் நினைவு வந்தது. நேராக ஜீவமணியிடம் போனாள். அவர் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"தருணம் எப்ப நடந்தது?"

"தலைவர் பேசும்போது சார்."

"அவர் பேச்ச விட்டுட்டு ஒங்களையா கவனிக்கச் சொல்லுத?"

"நாங்க மொதல்லயே ஆரம்பிச்சிட்டோம் சார்."

"சரி. ஒங்கள யாரும் கவனிக்கலங்கதுக்கு ஆதாரம் வேணும். கவனிக்காதவங்க மூணு பேர் கையெழுத்து."

"கவனிக்காதவங்களுக்கு அதப் பத்தி என்ன சார் தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுன்னுதானம்மா கையெழுத்துப் போடப் போறாங்க!"

அந்த நிர்வாக நுட்பத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, ஜெனிலா படிவத்தை வாங்கிக்கொண்டாள். போட்டியின் மூன்று ஜட்ஜுகளிடமும் போனாள். மூவரும் உடனே கையெழுத்திட்டார்கள். எதில் கையெழுத்திடுகிறோம் என்பதையும் அவர்கள் கவனிக்கவில்லை. விண்ணப்பம் பூரணமாயிற்று.

ஒரு மாதம் ஆராய்ந்து குழு தீர்ப்பளித்தது. பரிசளிப்பு விழாவில் வரவேற்பு இசைக்குக் கடற்கரைத் தெருப் பேண்டையே அழைத்திருந்தார்கள். சீருடையும் டிரம்முமாக ஜெனிலா மேடையோரம் நின்றாள். ஜீவமணி வாசித்தார்.

"இசை தடைப்பட்ட நெருக்கடியான வேளையில், தம் கம்பீரக் குரலால் அந்த வெற்றிடத்தை நிரப்பிய 'கவனிக்கப்படாத படைப்புத் தருண'த்துக்கான விருது, நம் தலைவருக்கே!"

முன்வரிசை அதிர்ந்தது.

"மேலும், தலைவர் உரையாற்றியபோது மூச்சுக் காட்டாமல் நின்றமைக்காக, கடற்கரைத் தெருப் பேண்டுக்கு நன்னடத்தைச் சான்றிதழ்!"

ரெக்சனுக்கு வாயெல்லாம் பல். "ஏளா, ஒன் நாப்பதுக்கு சர்ட்டிபிகேட்டே வந்துட்டு! இனி அத எடுக்கவே வேண்டாம். வருஷாவருஷம் தலைவர் பேசுதுக்குன்னே அந்த எடத்த விட்டுருவோம்."

இதைவிடக் குத்துப்பாட்டே மேல் என்று ஜெனிலாவுக்குத் தோன்றியது. மேடையில் செந்தூர்வேல் மைக்கைப் பிடித்திருந்தார். "அன்பார்ந்த பெருமக்களே!"

அவள் விரல் நுனி தானாக டிரம்மைத் தொட்டது. ஒன்று. இரண்டு. பின்னால் நின்ற டிரம்பெட்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாத்தியத்தை உதட்டுக்குக் கொண்டுபோனார்கள். ரெக்சன் கையை ஆட்டித் தடுத்துப் பார்த்தார். இருபது. முப்பது. ஜெனிலா அவரையே பார்த்தாள்.

"அண்ணே, உள்ள ஆளு இருக்கான்" என்றாள் மெதுவாக.

முப்பத்தொன்பது. ரெக்சன் ஒருமுறை மேடையைப் பார்த்தார், ஒருமுறை அவளைப் பார்த்தார். நாற்பதில் கோலை உயர்த்தினார். கருப்பட்டிக்கும் எலும்புக்கும் நடுவில் பெரிய டிரம்மின் அடி விழுந்தது, டிரம்பெட்டுகள் வெடித்தன. மைக் தலைவர் கையிலிருந்து நழுவியது. கடைசி வரிசையில் ரோச் பெஞ்சு மேல் ஏறி நின்று, "மேல வந்துட்டாம்லே!" என்று கத்தினான். முன்வரிசை உட்பட மொத்தக் கூட்டமும், முதல்முறையாக, திரும்பிப் பார்த்தது.

குழு அன்றே அவசரமாகக் கூடியது. அந்த அடி எல்லோராலும் கவனிக்கப்பட்டுவிட்டதால், அதைக் கவனிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று ஒருமனதாக முடிவு செய்தது. நன்னடத்தைச் சான்றிதழைத் திரும்பப் பெறும் ஆணை மட்டும் மறுநாளே ஜெனிலாவின் கைக்கு வந்தது. அதில் 'குற்றம்' என்ற இடத்தில், ஜீவமணி தம் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'மூச்சு விட்டது.'