கோலம் திருடிய மாமா

இந்த உலகத்தில் கோலத்தைத் திருடிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கல்மாவு மாமா.

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் நான் திருச்செங்கோட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். தெருக்கோடியில் மாக்கல்லைக் கடைந்து கல்சட்டி செய்யும் பட்டறை இருந்தது. அங்கே கழியும் வெள்ளைத் தூளை அள்ளிவந்துதான் பெண்கள் கோலம் போடுவார்கள். மாமா அதை ஏரிமண்ணில் பிசைந்து, தீயில் வெடிக்காத செங்கல் சுட ஆரம்பித்தார். தெருவின் நிம்மதி அத்தோடு போயிற்று.

பட்டறையில் ஒரு சிட்டிகை மிஞ்சாது. போதாதற்கு விடிந்ததும் விளக்குமாறும் முறமுமாக வாசல் வாசலாக வருவார். ஒருநாள் என் தேர்க்கோலத்தின் பாதிச் சக்கரம் அவர் முறத்தில் இருந்தது.

"ஏனுங்க மாமா, இது நாயமா?"

"நீங்க சலிச்ச தூளு அம்மிணி. இத்தனை நைசா எனக்குச் சலிக்க வராதுங்க."

அவரைக் கோபித்துக்கொள்ளவே முடியாது. கல்யாணத்துக்கு மொய்யாகச் செங்கல் வைப்பார். அதன் மேல் ஏறிக் குதித்தும் காட்டுவார். இரண்டு தடவை கால் சுளுக்கியது, கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மார்கழியில் கோலமாவே கிடைக்காமல் போனதும் பெண்கள் படை திரண்டது. தலைமை என் மாமியார். பொங்கல் அடுப்பில் செங்கல் வெடித்து வருஷந்தோறும் யார் வீட்டுப் பானையாவது சாயும்.

"ஊடு தவறாம மூணு கல்லுக் குடுங்க தம்பி. ஒண்ணு வெடிச்சாலும் உங்க சூளையை இடிச்சுப்போடுவோம்."

"ஆகட்டுங்கக்கா," என்றார்.

பொங்கலன்று ஒவ்வோர் அடுப்பின் முன்பும் குந்தி, பானையை விட்டுவிட்டுக் கல்லையே பார்த்தார். எங்கள் பானை பொங்கியது. கடைசி வீடு வரை பொங்கியது. எந்தக் கல்லிலும் கீறல் இல்லை.

அப்போது படீர் என்று ஒரு சத்தம். மாமா வீட்டுப் பானை மண்ணில் கிடந்தது.

"உங்க கல்லு வெடிச்சுப்போச்சே தம்பி," என்றார் மாமியார்.

மாமாவின் மனைவி கரண்டியோடு வெளியே வந்தார். "அது இவரு சுட்ட கல்லு இல்லீங்கக்கா. இருந்ததெல்லாம் உங்களுக்குக் குடுத்துப்போட்டு, எனக்குச் சந்தைக் கல்லை வெச்சுட்டாரு."

தெருவே சிரித்தது, மாமாவும் சிரித்தார். சூளை பிழைத்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்த பொங்கலை வாங்க அந்த வீட்டில் பாத்திரம் போதவில்லை.

தூளில் பாதி பெண்களுக்கு என்று முடிவாயிற்று. ஆனாலும் அவருக்கு முறப் பழக்கம் விடவில்லை. நானும் தினமும் ஒரு பிடி மாவு கூடுதலாகவே கோலம் போட்டேன். அவர் கூட்டி எடுக்கத்தான்.