எட்டாம் பிரிவு

சட்டத் துறையில் மசோதா எழுதுவதுதான் அவர் பிழைப்பு. ஊருக்கெல்லாம் சட்டம் போட்டவருக்கு வீட்டில் மிஞ்சியது கல்யாணப் போட்டோவைச் சுற்றியிருந்த மரச்சட்டம் மட்டும்தான்.

அரசாங்கத்துக்குத் திடீரென்று ஒரு கவலை வந்தது. பெரிய அதிகாரிகள் வரிசையாக ஓய்வு பெறப் போகிறார்கள். நாளைக்குத் துறைகளை யார் நடத்துவது? வேலையில் இருப்பவர்களிலேயே கெட்டிக்காரர்களைப் பொறுக்கியெடுத்து, ஆறு மாதம் பயிற்சி கொடுத்துத் தலைவர்களாக்க ஒரு சட்டம் வேண்டும் என்றார்கள். எழுதும் வேலை இவர் மேஜைக்கு வந்தது.

பயிற்சி வெளியூரில், விடுதியில், தனி அறையில் என்று கேட்டதும் மனுஷனுக்கு இறக்கை முளைத்துவிட்டது. எட்டாம் பிரிவில் தகுதிகளை எழுதினார்: பதினைந்து வருஷ சர்வீஸ், சட்ட ஞானம், தெளிவான கையெழுத்து. கண்ணாடி முன் உட்கார்ந்து எழுதியது போலவே இருந்தது. எட்டாம் பிரிவு நிறைவேறினால் வீட்டிலிருந்து ஆறு மாதப் பிரிவு.

அவர் மனைவி குடிநீர் அலுவலகத்தில் மேற்பார்வையாளர். குழாய் உடைந்தால் முதல் ஆளாகத் தெருவில் நிற்பவள். சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே மசோதா எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டாள். பெருமை தாங்காமல் அவர் முழுவதையும் வாசித்துக் காட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எழுதினவரே மனு போட்டா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்களே."

"நான் எங்கே போடப் போறேன்? உன்னை விட்டுட்டு என்னால ஒரு நாள் இருக்க முடியுமா?"

"அப்போ அதையும் எழுதிடுங்க. மசோதா எழுதினவங்க மனு போடக் கூடாதுன்னு."

மறுத்துப் பேசினால் குட்டு வெளிப்பட்டுவிடும். பார்க்கலாம் என்று மழுப்பினார். மறந்துபோச்சு என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் துறைச் செயலாளர் குடியிருந்தது மேல்மாடியில். மறுநாள் இவர் முகச்சவரம் முடிப்பதற்குள் மனைவி மாடிப்படியில் அவரைப் பார்த்துப் பேசிவிட்டாள். ஆபீஸில் செயலாளர் எல்லார் முன்னாலும் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்று நெகிழ்ந்தார். மசோதா எழுதினவர் மனு போடக் கூடாது என்ற வரியை இவர் தன் தெளிவான கையெழுத்திலேயே எழுத வேண்டியதாயிற்று. அப்படியே சட்ட ஞானம், கையெழுத்து இரண்டையும் அடித்துவிட்டு, தெருவில் இறங்கி வேலை பார்த்த அனுபவத்தைச் சேர்க்கச் சொன்னார் செயலாளர். அது யார் கொடுத்த யோசனை என்று இவர் கேட்கவில்லை.

சட்டம் நிறைவேறியது. மனைவி தேர்வானாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இவர்தான் பஸ் ஏற்றிவிட்டார்.

பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. யார் போனால் என்ன? பிரிவு பிரிவுதானே. அன்று முதல் ஈரத்துண்டு கட்டிலிலேயே கிடந்தது. பாத்திரம் தொட்டியில் ஊறியது. செயலாளரும் நீண்ட விடுப்பில் போய்விட, தூக்கம் கலைகிற நேரம்தான் ஆபீஸ் நேரம் என்றாயிற்று.

அப்படி ஒரு நாள் பதினொன்றரை மணிக்கு நுழைந்தால், ஆபீஸில் எல்லாரும் தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பியூன் பக்கத்தில் வந்து, பயிற்சியின் கடைசிக் கட்டமாகத் துறையை நடத்திப் பார்க்க ஒருவர் வந்திருப்பதாகவும், காலையிலிருந்து இவரைத்தான் கேட்பதாகவும் மெல்லச் சொன்னார்.

சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு செயலாளர் அறைக் கதவைத் திறந்தார். நாற்காலியில் மனைவி.

"உட்காருங்க" என்றாள். "லேட்டானதுக்குக் காரணத்தை இங்கேயே சொல்றீங்களா, வீட்டுக்கு வந்து சொல்றீங்களா?"